கார்பெட் கழுவும் மெஷின்: கழுவிய பத்தே நாளில் மறுபடி அழுக்கு, ஈர வாடை, உறிஞ்சலும் குறைவு

வாசல்படி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நின்றபடி தள்ளும் இரட்டை டேங்க் கார்பெட் வாஷர், வாங்கி ஒன்றரை வருடம். நல்ல தண்ணீர் டேங்க் 3.5 லிட்டர். அடியில் சுழலும் பிரஷ், சோபாவுக்குத் தனி ஹோஸ். ஹாலில் 12 சதுர மீட்டர் நைலான் கார்பெட், சுவருக்குச் சுவர் போட்டது, அடியில் பஞ்சு மெத்தை.

சிக்கல்கள்: கழுவிக் காய்ந்த பிறகு இழைகள் மொறமொறவென்று நிற்கின்றன. பத்து நாளில் நடக்கும் பாதை மட்டும் முன்பைவிடக் கறுத்துப்போகிறது. காய இரண்டு நாள் ஆகிறது. ஈரத்துணியைச் சுருட்டி மூலையில் போட்டது போல வாடை. உறிஞ்சும் வேகம் முன்பு போல இல்லை, மெஷின் போன தடத்தில் தண்ணீர் கோடாக நிற்கிறது. தேநீர் கொட்டிய ஒரு இடம் கழுவும்போது மறைகிறது, காய்ந்ததும் அங்கேயே பழுப்பு வட்டமாக எழும்புகிறது.

இப்போது செய்யும் முறை: பாதி கொதித்த தண்ணீர், பாதி குழாய்த் தண்ணீர். கார்பெட் ஷாம்பூ இரண்டு மூடி, கூடவே துணி துவைக்கும் பவுடர் ஒரு கரண்டி. டிரிக்கரை அழுத்தியபடியே முன்னும் பின்னும் நாலைந்து தடவை. நாலு டேங்க் தண்ணீர் செலவாகிறது. அழுக்குத் தண்ணீர் டேங்கில் பாதிக்கு மேல் நுரை. நுரை அடங்கிய பிறகு அளந்தால் மொத்தம் ஏழு லிட்டர்.

படுக்கையறையில் கையால் முடிந்த கம்பளி விரிப்பு ஒன்றும் இருக்கிறது. அதையும் இதே மெஷினில் கழுவலாமா?

நூலிழை

அளந்து சொன்னதற்கு நன்றி, பெரும்பாலானவர்கள் அளப்பதே இல்லை. உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது. உள்ளே போனது 14 லிட்டர், திரும்பி வந்தது 7. மீதி 7 லிட்டர் 12 சதுர மீட்டர் கார்பெட்டுக்குள் நிற்கிறது, அதாவது சதுர மீட்டருக்கு அரை லிட்டருக்கும் மேல். அது இழையோடு நிற்காது. பின்துணியைத் தாண்டிப் பஞ்சு மெத்தைக்குள் இறங்கிவிடும். அங்கே போன தண்ணீரை எந்த வீட்டு மெஷினாலும் இழுத்து எடுக்க முடியாது. வாடை அங்கிருந்துதான் வருகிறது.

இந்த மெஷினைப் பலர் தண்ணீர் தெளிக்கும் கருவியாக நினைத்துவிடுகிறார்கள். தெளிப்பது எளிது. தெளித்ததை அழுக்கோடு திரும்ப எடுப்பதுதான் இதன் வேலை. ஊற்றியதில் முக்கால் பங்காவது அழுக்கு டேங்குக்கு வந்து சேர வேண்டும். அதற்குக் குறைந்தால் மெஷினில் கோளாறு, அல்லது தள்ளும் முறையில் கோளாறு. உங்களுக்கு இரண்டுமே இருக்கும் என்று தோன்றுகிறது.

முதலில் துவைக்கும் பவுடரை இன்றோடு நிறுத்துங்கள். அது காரம் கூடியது, நிறைய நுரைப்பது, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு அலசுவதற்கென்று செய்தது. கார்பெட்டில் அந்த அலசல் நடக்காது. ஒட்டிக்கொண்ட சோப்பு காய்ந்ததும் இழை மொறமொறக்கிறது. நடக்கும் காலின் தூசியும் எண்ணெயும் அதில் பசை போல் பிடிக்கிறது. பத்து நாளில் கறுப்பது புது அழுக்கு அதிகம் விழுந்ததால் இல்லை, விழுந்ததெல்லாம் ஒட்டிக்கொள்வதால். கரையாத பவுடர் துகள் போய், தண்ணீர் தெளிக்கும் முனையான நாசிலையும் அடைக்கும்.

ஷாம்பூவிலும் மூடிக் கணக்கு வேண்டாம், மில்லி கணக்கு பாருங்கள். புட்டியில் ஒன்றுக்கு நாற்பது என்று போட்டிருந்தால் 3.5 லிட்டருக்கு ஏறக்குறைய 85 மில்லி. அதிலும் முக்கால் அளவே போதும், 65 மில்லி. அளவைக் கூட்டினால் அழுக்கு கூடுதலாக வராது, சோப்புதான் கூடுதலாகத் தங்கும்.

கொதிநீரும் வேண்டாம். பல மெஷின்களின் டேங்க் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. பிளாஸ்டிக் லேசாக வளைந்தால் போதும், மூடி சரியாக உட்காராது, காற்று கசியும், உறிஞ்சல் குறையும். கை பொறுக்கும் சூடு போதுமானது.

ஏற்கெனவே தங்கிய சோப்பை எடுக்க ஒரு முறை வெறும் வெந்நீரில் மட்டும் கழுவுங்கள். 3.5 லிட்டருக்கு 50 மில்லி வெள்ளை வினிகர் சேர்க்கலாம், நைலானுக்கு ஆபத்தில்லை, காரத்தை முறிக்கும். அழுக்கு டேங்கில் நுரை நிற்காமல் போகும்வரை தொடரவேண்டியிருக்கும். ஒரே நாளில் முடிக்காதீர்கள். ஒரு சுற்று செய்து, நன்றாகக் காயவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு சுற்று. முடிந்ததா என்று பார்க்க: ஒரு மூலையில் கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு விரலால் அரை நிமிடம் தேயுங்கள். வெள்ளையாக நுரைத்தால் சோப்பு இன்னும் உள்ளே இருக்கிறது.

இனி தள்ளும் முறை. அதற்கு முன் வேக்கம் கிளீனரால் நிதானமாக, இரண்டு திசையிலும் இழுங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். உலர்ந்த மண்ணை வேக்கம் சுலபமாக எடுத்துவிடும். நனைந்த பிறகு அது சேறு, இழையின் அடியில் போய் உட்காரும். முடியும் நூலும் போய் மெஷினின் வாயில் அடைப்பதும் இதனால்தான்.

கதவுக்கு எதிர் மூலையில் ஆரம்பித்துக் கதவை நோக்கி வாருங்கள். ஒரு பட்டைக்கு: டிரிக்கரை அழுத்தி ஒரு முறை முன்னே, ஒரு முறை பின்னே. அத்தோடு டிரிக்கரை விட்டுவிடுங்கள். பிறகு அதே பட்டையில் தெளிக்காமல் முன்னே, பின்னே, மறுபடி முன்னே, பின்னே. இந்த உலர் இழுப்பு மெதுவாக இருக்க வேண்டும், ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு நொடி. வாய்ப்பகுதியின் கண்ணாடி போன்ற மூடியைக் கவனியுங்கள். உள்ளே தண்ணீர் ஓடுவது நின்று, தனித்தனித் துளிகள் மட்டும் நடுங்கிக்கொண்டு நிற்கும். அந்தக் காட்சி வரும்வரை அடுத்த பட்டைக்குப் போகவேண்டாம். ஒவ்வொரு பட்டையும் முந்தையதன் மேல் நாலு விரற்கிடை ஏறட்டும். இப்படிச் செய்தால் உங்கள் ஹாலுக்கு இரண்டு, அதிகம் போனால் இரண்டரை டேங்க்தான் பிடிக்கும்.

நடைபாதை மட்டும் அழுக்கு கூடுதலாக இருந்தால் அதற்காகக் கூடுதல் தண்ணீர் விடாதீர்கள். கரைசலைச் சின்ன ஸ்பிரே பாட்டிலில் எடுத்து அந்த இடத்தில் மட்டும் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, காயும் முன்பே மெஷினை ஓட்டுங்கள். தேய்ப்பும் வெள்ளமும் செய்யாததை அந்தப் பத்து நிமிடம் செய்யும்.

திருப்புளி

நூலிழை சொன்னது எல்லாம் சரி. ஆனா மெஷின் இழுக்காம நீங்க எவ்வளவு மெதுவா தள்ளினாலும் பிரயோஜனம் இல்ல. அதனால மெஷினை முதல்ல பாருங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு கை வைங்க, இதுல தயவுசெஞ்சு சோம்பல் வேண்டாம்.

மோட்டார் சத்தமே பாதிக் கதையைச் சொல்லிடும். சத்தம் வழக்கத்தைவிட கீச்சுன்னு ஏறியிருந்தா எங்கேயோ அடைப்பு. காத்து போக வழி இல்லாதப்ப மோட்டாருக்குச் சுமை குறைஞ்சு வேகமா சுத்தும், அதான் சத்தம் ஏறுது. சத்தம் வழக்கம்போல இருந்தும் இழுப்பு இல்லேன்னா வழியில எங்கேயோ காத்து கசியுது.

அடுத்தது பக்கெட் சோதனை. சோபா ஹோஸை மாட்டி, ஒரு லிட்டர் தண்ணியை அளந்து வாளியில ஊத்தி உறிஞ்சச் சொல்லுங்க. ஹோஸ்ல மளமளன்னு போயிடுச்சுன்னா மோட்டாரும் டேங்கும் நல்லா இருக்கு. கோளாறு தரைப்பக்க வாயிலோ, ஹோஸுக்கும் தரைக்கும் மாத்துற வால்வுலயோ. ஹோஸ்லயும் திணறுச்சுன்னா டேங்க் பக்கம் வாங்க.

டேங்க் பக்கம் மூணு இடம். ஒண்ணு மிதவை. அழுக்குத் தண்ணி நிறைஞ்சா அது மேல ஏறி காத்து வழியை மூடணும், அப்பதான் தண்ணி மோட்டாருக்குப் போகாது. சோப்புப் பிசுக்கு பிடிச்சா பாதியிலயே மாட்டிக்கும். டேங்கைக் கழட்டி தலைகீழாப் பிடிச்சு ஆட்டுங்க, டக்கு டக்குன்னு தடையில்லாம ஓடணும். ரெண்டு, மூடி கேஸ்கெட். கருப்பு ரப்பர் பட்டை, ஒரு இடத்துல மடிஞ்சு உள்ள போயிருந்தாலே இழுப்பு பாதியாயிடும். விரலை அதோட விளிம்புல சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டுங்க. மடிப்பு, வெடிப்பு, மணல் எல்லாம் கைக்கே தெரியும். மூணு, முடி பிடிக்கிற வலை அல்லது ஃபில்டர். அதை வெளிச்சத்துக்கு நேராப் பிடிங்க, கண்ணு கண்ணா வெளிச்சம் தெரியணும்.

நுரை விஷயம் ரொம்ப முக்கியம், அழுத்திச் சொல்றேன். மிதவை தண்ணிக்குத்தான் மிதக்கும், நுரைக்கு மிதக்காது. நீங்க பவுடர் போட்ட ஒவ்வொரு தடவையும் நுரை மிதவையைத் தாண்டி மோட்டாருக்குப் போயிருக்க வாய்ப்பு இருக்கு. காத்து வெளிய வர்ற ஓட்டையில ஈரத்திவலை தெறிச்சா அதுதான் அறிகுறி. அப்ப உடனே நிறுத்துங்க. பழைய சோப்பை எடுக்கிற கழுவல்லயும் நுரை வரத்தான் செய்யும், அதுக்கு நுரையடக்கி திரவம் 10-15 மில்லியை அழுக்கு டேங்க்ல ஊத்தி வையுங்க. நல்ல தண்ணி டேங்க்ல ஊத்தக்கூடாது, அது கார்பெட்லயே போய்ப் படியும்.

தரைப்பக்க வாய்க்கு வருவோம். கண்ணாடி மாதிரி இருக்கிற மூடியை ரெண்டு திருகாணியோ கிளிப்போ பிடிச்சிருக்கும். கழட்டிப் பாருங்க. ஒன்றரை வருஷம் திறக்காம இருந்தா சாம்பல் நிறத்துல, ஈரக் கம்பளி மாதிரி ஒரு கட்டி, நீளவாட்டுல வாயோட ஒரு பக்கத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும். நீங்க சொன்ன தண்ணிக் கோடு அந்த அடைச்ச பக்கத்துல விழுறதுதான். பழைய டூத் பிரஷ்ஷாலயும் வெதுவெதுப்பான தண்ணியாலயும் எடுங்க. கத்தி, கம்பி வேண்டாம், கீறல் விழுந்தா அந்த இடத்துல மறுபடி சீக்கிரமே பிசுக்கு சேரும். மூடியில விரிசல் இருக்கான்னு விளக்கை மறுபக்கம் வச்சுப் பாருங்க. முடி அளவு விரிசல் போதும், காத்து அது வழியாப் போயிடும், தரையில இழுப்பு இருக்காது. திரும்ப மாட்டும்போது சுத்தி இருக்கிற ரப்பர் நூல் பள்ளத்துல உட்கார்ந்திருக்கணும். திருகாணியை ஒரேயடியா முறுக்காதீங்க, பிளாஸ்டிக் மரை போயிடும்.

தெளிப்பையும் பாத்திருங்க. காய்ஞ்ச அட்டைப்பெட்டி மேல ஒரே ஒரு நொடி டிரிக்கரை அழுத்துங்க. விசிறி மாதிரி அகலமா, சமமா நனையணும். நடுவுல மட்டும் இல்ல ஒரு பக்கம் மட்டும் நனைஞ்சா நாசில் அடைப்பு. அப்படி இருந்தா கழுவின இடமெல்லாம் வரி வரியாத்தான் இருக்கும். நாசிலைக் கழட்டி வெந்நீரும் வினிகரும் சரிபாதி கலந்ததுல இருபது நிமிஷம் போட்டு, வாயால ஊதாம, குழாயைத் திறந்து பின்பக்கமா தண்ணியைப் பாய்ச்சுங்க. குண்டூசி விட்டுக் குத்தினீங்கன்னா துளை கோணலாயிடும்.

தண்ணியே வரலேன்னா வரிசையா பாருங்க: டேங்க் கடைசி வரை உட்கார்ந்து கிளிக் ஆச்சா, டேங்க் அடியில இருக்கிற ஸ்பிரிங் வால்வை விரலால அழுத்தினா தண்ணி வருதா, பம்ப்ல காத்து மாட்டியிருக்கா. காத்து மாட்டியிருந்தா டேங்கை நிரப்பி, ஹோஸ் முனையை டேங்கைவிடத் தாழ்வாப் பிடிச்சு ஒரு நிமிஷம் டிரிக்கரை அழுத்தினா பிடிச்சுக்கும். தண்ணி தீர்ந்ததும் பம்ப் சத்தம் மாறும், அப்பவே விரலை எடுத்திடுங்க. பம்ப்புக்கு வெறும் ஓட்டம் ஆகாது.

பிரஷ் சுத்தலேன்னா முக்கால்வாசி முடிதான். ரெண்டு முனையிலயும், பேரிங் உள்ள போற இடத்துல வளையமாச் சுத்தியிருக்கும். கத்திரிக்கோலால நறுக்கி எடுங்க. கையால சுலபமா சுத்தியும் மெஷின்ல சுத்தலேன்னா பெல்ட் அறுந்திருக்கும் அல்லது நழுவியிருக்கும். அதிகச் சுமை வந்தா தானா அணையுற பாதுகாப்பு சில மாடல்ல உண்டு. பிளக்கைப் பிடுங்கி அரை மணி ஆறவிட்டா திரும்ப ஓடும். அப்படி அடிக்கடி அணைஞ்சா ஏன் அணையுதுன்னு பாருங்க, திரும்பத் திரும்பப் போடாதீங்க.

ஊடுபாவு

கம்பளி விரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவசரப்பட்டு மெஷினை அதன் மேல் ஏற்றிவிடாதீர்கள்.

முதலில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்பக்கத்து டிசைன் பின்பக்கமும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது கையால் முடிந்ததுதான். பின்னால் ஒரு துணி ஒட்டியிருந்தால் அது முடிச்சுப் போட்டதில்லை, துணியில் இழையைக் குத்தி இறக்கி ரப்பர் பசை தடவியது. அந்தப் பசை ஈரத்தில் நாளாவட்டத்தில் பொடியாக உதிரும், மக்கிய வாடையும் வரும். அந்த வகையை மெஷினில் நனைக்கவே வேண்டாம்.

அடுத்து, அது உண்மையிலேயே கம்பளியா? விளிம்பிலிருந்து ஒரு இழையை இடுக்கியால் உருவி, உலோகத் தட்டின் மேல் பிடித்துத் தீக்காட்டுங்கள். கம்பளியானால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் அணையும், சாம்பலை விரலால் நசுக்கலாம். காகிதம் போலக் குபுகுபுவென எரிந்து காகித வாடையே வந்தால் அது விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) அல்லது பருத்தி. உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் செயற்கை இழை. விஸ்கோஸ் என்று தெரிந்தால் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். நனைந்தால் அந்த இழை வலுவிழக்கும், காயும்போது விறைத்து மஞ்சள் பாரிக்கும், பழைய மினுமினுப்பு திரும்பாது. பட்டு போலப் பளபளக்கும் பல விரிப்புகளில் இருப்பது இதுதான்.

கம்பளி என்று உறுதியானால் சாயச் சோதனை. நீங்கள் போடப்போகும் கரைசலிலேயே வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஐந்து நிமிடம் எடை வைத்து அழுத்துங்கள். சிவப்பையும் கருநீலத்தையும் கட்டாயம் பாருங்கள். துணியில் நிழலாக ஏறினால்கூட நிறுத்திவிட வேண்டும். சாயம் பக்கத்து வெள்ளை இழையில் ஏறினால் எடுப்பது மிகக் கடினம்.

சோதனையில் தேறினாலும் சுழலும் பிரஷ் கூடாது. கம்பளி இழையின் மேற்புறம் செதில் செதிலாக இருக்கும்; சூடு, ஈரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சிக்காகிவிடும். அதனால் ஹோஸ் மட்டும், வெதுவெதுப்பு 30 டிகிரிக்கு மேல் வேண்டாம், நடுநிலையான பிஎச் உள்ள (அமிலமும் காரமும் அல்லாத), கம்பளிக்கு உகந்தது என்று எழுதிய திரவம் மட்டும். ஆக்சிஜன் பிளீச் கலந்த கறைநீக்கி எதுவும் ஆகாது. இழை படுத்திருக்கும் திசையிலேயே இழுங்கள். முடிந்ததும் தரையில் அப்படியே விடாமல் இருபுறமும் காற்று படும்படி கட்டைகள் மேல் தட்டையாகப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் வடிவம் கோணிவிடும்.

இது மேலோட்டமான புத்துணர்ச்சிக்குத்தான். அடியில் மண் இறங்கிய விரிப்பை முழுக்க அலசிப் பிழியும் வசதியுள்ள விரிப்புச் சலவைக்காரரிடம் கொடுப்பதே நல்லது. வீட்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வேக்கமின் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு விரிப்பின் பின்பக்கத்திலும் இழுப்பது. அதன்பின் தூக்கிப் பார்த்தால் தரையில் மெல்லிய மணல் படிந்திருக்கும். முடிச்சின் அடியை அறுப்பது அந்த மணல்தான்.

வாசல்படி

மூவருக்கும் நன்றி. மெஷினைத் திறந்தேன். கேஸ்கெட் ஒரு மூலையில் மடிந்திருந்தது, வாயில் திருப்புளி சொன்ன அதே சாம்பல் கட்டி, இடது பக்கம். இரண்டையும் சரிசெய்து வெறும் வெந்நீரில் ஒரு சுற்று ஓட்டியதில் 7 லிட்டருக்கு 5.6 லிட்டர் திரும்பி வந்தது. நுரை இன்னும் இருக்கிறது. விரிப்பு சிவப்பில் சாயம் விட்டது, அதைத் தொடவில்லை.

மீதி இரண்டு கேள்வி. தேநீர் வட்டம் மறுபடி எழும்பியிருக்கிறது. வேலை முடிந்ததும் மெஷினை எப்படி வைப்பது? ஒவ்வொரு தடவையும் வினிகர் ஓட்டிக் கழுவினால் நல்லதா?

நூலிழை

14-க்கு 7 என்பது 7-க்கு 5.6 ஆகியிருக்கிறது, அதாவது எண்பது சதம். நல்ல முன்னேற்றம். நுரை அடுத்த சுற்றிலோ அதற்கடுத்ததிலோ அடங்கிவிடும்.

தேநீர் வட்டம் மேலே இருக்கும் கறை இல்லை. கொட்டியபோது அது இழை வழியே பின்துணி வரை இறங்கியிருக்கிறது. நீங்கள் கழுவும்போது இழையின் நுனி சுத்தமாகிறது, அடியில் இருப்பது நனைந்து கரைகிறது. காயும்போது ஈரம் நுனியில்தான் ஆவியாகும்; அடியிலிருந்து நுனிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. தண்ணீர் போய்விடும், தேநீர் நுனியில் நின்றுவிடும். இன்னும் அதிகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் வட்டம் இன்னும் பெரிதாகும்.

செய்ய வேண்டியது: ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர். அந்த வட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சமாக நனையுங்கள், ஓடும் அளவுக்கு வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு ஹோஸால் வெறும் தண்ணீர் ஒரு சிறு தெளிப்பு, நீண்ட உறிஞ்சல். கடைசியில் தடித்த வெள்ளைத் துவாலையை நாலாக மடித்து வட்டத்தின் மேல் வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் ஐந்தாறு கிலோ எடை. இரவு முழுக்க இருக்கட்டும். ஏறி வரும் தேநீர் இழையில் நிற்காமல் துவாலைக்குப் போய்விடும். காலையில் துவாலையில் பழுப்பு வட்டம் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், அது கார்பெட்டிலிருந்து வெளியே வந்தது. அது வெளுப்பாகும்வரை இரண்டு மூன்று இரவு செய்ய வேண்டியிருக்கும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், இது பலரைச் சுடுவது: குழந்தையோ பூனையோ நாயோ சிறுநீர் கழித்த இடத்தில் வெந்நீர் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் ஆரம்பியுங்கள். இரத்தம், பால், முட்டை எல்லாவற்றுக்கும் இதே விதி. சூட்டில் புரதம் உறைந்து பிடித்துக்கொள்ளும். சிறுநீருக்கு என்சைம் திரவம் போடுவதானால் அது சிறுநீர் இறங்கிய ஆழம் வரை நனைத்து, லேபிள் சொல்லும் நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். அதற்கு முன் கிருமிநாசினி ஊற்றிவிட்டால் என்சைம் வேலை செய்யாமல் போகலாம். வினிகரையோ வேறு எதையுமோ குளோரின் பிளீச்சோடு கலக்கவே கூடாது, வினிகர் பட்டால் நச்சு வாயு வரும்.

காயவைப்பதில் ஒரு விஷயம். மின்விசிறியை மேலிருந்து ஓட்டுவதைவிடத் தரையில் வைத்துக் கார்பெட்டை உரசியபடி காற்று போகும்படி வையுங்கள். வெளியே வறண்ட காற்று என்றால் ஜன்னலைத் திறங்கள். மழைக்காற்று என்றால் மூடிவிட்டு ஏசியையோ ஈரமகற்றியையோ ஓட்டுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும். ஒரு நாள் தாண்டினால் பூஞ்சைக்கு வழி. சரிபார்க்க, மடித்த டிஷ்யூ தாளைப் போட்டு அதன்மேல் குதிகாலை ஊன்றி அரை நிமிடம் நில்லுங்கள். தாள் நனைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. நாற்காலி, மேசைக் கால்களை அதற்குள் திரும்ப வைத்தாக வேண்டுமானால் அடியில் பிளாஸ்டிக் தாள் துண்டு வையுங்கள். மரச்சாயமும் ஆணித்துருவும் ஈரக் கார்பெட்டில் இறங்கினால் அது புதுக் கறை, தேநீரைவிடப் பிடிவாதமானது.

திருப்புளி

வினிகர் ஒவ்வொரு தடவையும் வேண்டாம். ஓட்டணும்னா உப்புத் தண்ணி உள்ள இடத்துல, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும். ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு வெதுவெதுப்பான தண்ணி, அரை டேங்க். பாதியை வாளிக்குள்ள தெளிச்சுட்டு இருபது நிமிஷம் நிறுத்துங்க, மீதியைத் தெளிங்க, அப்புறம் ஒரு முழு டேங்க் வெறும் தண்ணி. உள்ள விட்டுட்டு ராத்திரி வைக்காதீங்க, பம்ப்போட ரப்பர் சீல் அதிலேயே ஊறிக்கிட்டு இருக்க வேண்டாம். மெஷினோட வந்த கையேட்டுல வினிகர் கூடாதுன்னு போட்டிருந்தா அதைக் கேளுங்க.

வழக்கமான கழுவலுக்கு இதுதான். வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணி டேங்க்ல மிச்ச சோப்புக் கரைசலை கொட்டிடுங்க, அடுத்த தடவைக்குன்னு வைக்காதீங்க, காய்ஞ்சு நாசிலை அடைக்கும். அதுல வெறும் தண்ணி அரை லிட்டர் ஊத்தித் தெளிச்சு, சோப்பைக் குழாய்ல இருந்து வெளியேத்துங்க. ஹோஸ் வழியாவும் கொஞ்சம் தெளிங்க, எல்லாரும் மறக்கிற இடம் அது. அப்புறம் வாளியில ரெண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணி வச்சு ஹோஸால உறிஞ்சுங்க. உறிஞ்சல் குழாய் உள்ளே ஒட்டின சேறு போயிடும். அழுக்கு டேங்கைக் கொட்டும்போது வடிகட்டி வச்சுக் கொட்டுங்க, அந்த முடியும் நூலும் வீட்டுச் சாக்கடைக் குழாயை அடைச்சிடும்.

டேங்க், மிதவை, வலை, பிரஷ் எல்லாத்தையும் கழட்டிக் கழுவுங்க. அழுக்கு டேங்க்ல பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டா அது முழுக்கப் போற வரை அலசணும், இல்லேன்னா அடுத்த தடவை நுரையா வந்து நிக்கும். அப்புறம் டேங்க் மாட்டாம ரெண்டு நிமிஷம் மோட்டாரை ஓட விட்டா உள்ள ஈரம் காயும்னு சிலர் சொல்வாங்க. அப்படிச் செய்யாதீங்க, டேங்க் மாட்டி, காலியா, மூடி போட்டு ஓட்டுங்க. காத்து வழி சரியா இருந்தாத்தான் அது காயும்.

அப்புறம் எல்லாத்தையும் பிரிச்சபடியே காயவிடுங்க. டேங்க் மூடியைத் திறந்து வச்சு, பிரஷ்ஷை வெளிய எடுத்து, ஹோஸை சுருட்டாம நீளமாத் தொங்கவிட்டு ஒரு நாள். ஈரத்தோட மூடி வச்ச டேங்க்ல ஒரே வாரத்துல வழவழன்னு ஒரு படலம் பிடிக்கும், அடுத்த தடவை மெஷினைப் போட்டதும் வீடு முழுக்க அந்த வாடைதான். உறைபனி விழற இடத்துல இருக்கிறவங்க மெஷினை வெளியறையில வைக்காதீங்க. பம்ப்ல கொஞ்சம் தண்ணி நின்னு உறைஞ்சாலும் பம்ப் உடம்பு வெடிச்சிடும்.

ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கேஸ்கெட்டுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சிலிக்கான் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு போதும். பெட்ரோலியம் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ தடவாதீங்க, சில ரப்பரை உப்ப வச்சிடும், அப்புறம் மூடி உட்காராது. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டே ஆகணும்னா மெஷினோட வாட்ஸைத் தாங்குற தடிமனா இருக்கணும், சுருட்டி வைக்காம முழுக்க விரிச்சுப் போடுங்க, இணைப்பு நனையாத இடத்துல, தரையைவிட உயரத்துல இருக்கட்டும். மின்கசிவு வந்தா துண்டிக்கிற சுவிட்ச் இல்லாத லைன்ல இந்த மெஷினை ஓட்டவே ஓட்டாதீங்க.

வாசல்படி

இரண்டாவது சுற்று முடிந்தது. 7 லிட்டருக்கு 5.8 லிட்டர். பதினொரு மணி நேரத்தில் குதிகால் சோதனையில் தாள் நனையவில்லை. தேநீருக்கு முதல் இரவுத் துவாலையில் உள்ளங்கை அளவு பழுப்பு, இரண்டாம் இரவு காசளவு. இன்று மூன்றாவது துவாலை வைத்திருக்கிறேன். பெல்ட்டைக் கழற்றிப் பார்த்ததில் உட்பக்கத்தில் பளபளவென்று வழுக்கல் தெரிகிறது, வெடிப்பு இல்லை. மாற்ற வேண்டுமா?

திருப்புளி

பளபளப்புன்னா வழுக்குதுன்னு அர்த்தம், சுமை வரும்போது பிரஷ் வேகம் குறையும். இப்பவே மாத்திடுங்க. பெல்ட் நம்பர் பெல்ட் மேலயே அச்சடிச்சிருக்கும், அழிஞ்சிருந்தா மெஷின் அடியில ஒட்டின மாடல் எண்ணை வச்சு வாங்குங்க. ரெண்டா வாங்கி ஒண்ணை வெயில் படாத இடத்துல வையுங்க. போடும்போது முதல்ல மோட்டார் தண்டுல மாட்டி, அப்புறம் பிரஷ்ல மாட்டி இழுத்து உட்கார வையுங்க, முறுக்கு விழாம. மாட்டினதும் பிரஷ்ஷைக் கையால பத்து சுத்து சுத்திப் பாருங்க, பெல்ட் நடுவுலயே ஓடணும்; ஓரத்துக்கு நகர்ந்தா பிரஷ் முனை மூடி இன்னும் முழுசா உட்காரல.